மாவலி எந்த லயத்துக்குப் பின்னால் பிறக்கிறது?

2024 மே 25, ஒரு வாசகரின் கேள்வி

மகளுக்குத் தரம் 7 பயிற்சித்தாளில் 'மகாவலி கங்கை உற்பத்தியாகும் இடம் எது' என்று ஒரு கேள்வி. ரீச்சர் ஹோட்டன் சமவெளி என்கிறார். என் அப்பா அட்டன்தான் என்று அடித்துப் பேசுகிறார். வீட்டில் கிடக்கும் பழைய வழிகாட்டி சிவனொளிபாதமலை என்கிறது. மலையகத்தில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், எதை எழுத?

2024 மே 25, இரவு

சிவனொளிபாதமலையை முதலில் வெட்டிவிடுங்கள். அங்கிருந்து வருவது மஸ்கெலியா ஓயா, அது களனி கங்கைக்குப் போகிற தண்ணீர். உங்கள் அப்பாவும் ரீச்சரும் ஆளுக்குப் பாதி சரி.

மாவலிக்கு, அதாவது மகாவலிக்கு, மேலே இரண்டு பெரிய கிளைகள். ஒன்று அட்டன் ஓயா. அட்டனில் தொடங்கி வட்டவளைப் பக்கமாக இறங்கி நாவலப்பிட்டிக்கு வருகிறது. மற்றது கொத்மலை ஓயா. ஹோட்டன் சமவெளியிலிருந்து டயகம, அக்கரப்பத்தனை வழியாக வரும் ஆக்ரா ஓயாவும், நுவரெலியாப் பக்கமிருந்து வரும் நானு ஓயாவும், இன்னும் சில சிற்றாறுகளும் சேர்ந்தது அது. தலவாக்கலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். இரண்டும் நாவலப்பிட்டியில் சேர்ந்து கம்பளை, பேராதனை, கண்டி, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, மகியங்கனை என்று வளைந்து வளைந்து போய்த் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகின்றன. மொத்தம் 335 கிலோமீட்டர். இலங்கையில் இதைவிட நீளமான ஆறு கிடையாது.

பரீட்சைக்கு ஹோட்டன் சமவெளி என்று எழுதச் சொல்லுங்கள். நீளமான கிளை எதுவோ அதன் நுனியைத்தான் பிறப்பிடம் என்பார்கள். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம்.

2024 மே 26

திருத்தம். நேற்று 'நாவலப்பிட்டியில் சேர்ந்து' என்று எழுதிவிட்டேன். தவறு. கொத்மலை ஓயா வந்து சேர்வது நாவலப்பிட்டிக்கும் கீழே, கம்பளைக்குப் போகும் வழியில். நாவலப்பிட்டியில் அதைப் பார்க்கவே முடியாது. அங்கே ஓடுவது அட்டன் பக்கத்துத் தண்ணீர் மட்டும்.

இது அப்பாவுக்குச் சாதகமான விஷயம். நாவலப்பிட்டிப் பாலத்தில் நின்று யாரிடம் கேட்டாலும் கீழே ஓடுவது மாவலி என்றுதான் சொல்வார்கள். கொத்மலை ஓயா இன்னும் வந்து சேரவே இல்லை, பெயர் மட்டும் அதற்குள் வந்துவிட்டது. பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் அட்டனுக்குத்தான் போவீர்கள். நீளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினால் ஹோட்டன் சமவெளி. ரயில் பாதை போட்டவர்களும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏறினார்கள். 1874இல் நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது. அங்கிருந்து அட்டனைப் பிடிக்க 1884 ஆகிவிட்டது. பத்து வருடம். நிலம் எப்படிப்பட்டது என்று இதிலேயே தெரியும்.

2024 ஜூன் 2

விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, எழுதியவரை போடுகிறேன்.

'அட்டனில் பெய்கிற மழை எல்லாம் மாவலிக்குத்தானே' என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அட்டன் ஒரு மலை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். டிக்கோயாப் பக்கம் விழுந்த மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து கெசல்கமு ஓயாவாக நோட்டன், லக்சபான என்று ஒவ்வொரு மின்நிலையமாக நுழைந்து நுழைந்து வெளியே வந்து, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி ஆகிறது. கொழும்புக்காரர்கள் அதை அம்பத்தளையில் இறைத்துக் குடிக்கிறார்கள். வட்டவளைப் பக்கம் விழுந்தால் மாவலி, திருகோணமலை. ஒரே மேகம்தான்.

ஹோட்டன் சமவெளி இன்னும் மோசம், அங்கே மூன்று வழி. ஆக்ரா ஓயாவாக இறங்கினால் மாவலி. பொகவந்தலாவைப் பக்கம் இறங்கினால் களனி. பெலிஹுல் ஓயாவில் விழுந்தால் வளவை கங்கை, அம்பலாந்தோட்டையில் கடல். மூன்று திசைக் கடலுக்கும் ஒரே புல்வெளியிலிருந்து தண்ணீர் போகிறது. இதற்குப் பிறகு சிவனொளிபாதமலையைக் களனியின் ஒரே தாய்வீடாகவும் சொல்ல முடியாது, பாதித் தாய்வீடு.

நான் பிறந்த தோட்டம் அட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவில். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் ஒரு பீலி. மூங்கிலைப் பிளந்து ஊற்றில் சொருகி வைத்திருப்பார்கள், பிறகு அது தகரமானது, பிறகு பைப் ஆனது, பெயர் மட்டும் பீலியாகவே நின்றுவிட்டது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்துக்கு) முன்னால் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அதே இடத்தில் குளியல். அந்தத் தண்ணீர்தான் கானில், அதாவது வடிகாலில், இறங்கி ஓடி மாவலி ஆகிறது என்று அப்பாயி (அப்பாவின் அம்மா) சொல்லியிருக்கிறார். ஆக, உங்கள் மகளின் கேள்விக்கு என் விடை: எங்கள் லயத்துக்குப் பின்னால்.

2024 ஜூன் 4

'கவிதையாக இருக்கிறது' என்று இரண்டு பேர் பாராட்டியிருக்கிறீர்கள். 'ஆதாரம் என்ன' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்றாமவரின் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. அப்பாயி சொன்னதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அப்பாயி கம்பளைக்கு அப்பால் போனதும் இல்லை.

2024 ஜூன் 8

இடையில் பெயர்ச் சண்டை ஒன்று நடக்கிறது, அதையும் முடித்துவிடுவோம். 'ஓயா' சிங்களச் சொல், சிற்றாறு என்று வைத்துக்கொள்ளலாம். 'கங்கை' என்றால் பெரிது. எங்கள் ஆட்கள் இரண்டையும் கலந்து பேசுவோம். 'ஓயாவுக்குக் குளிக்கப் போறேன்' என்போம், 'ஆத்துல வெள்ளம்' என்போம். கரகம் பாலிக்க (திருவிழாவுக்குத் தண்ணீரில் இறங்கிப் பூசை செய்து கரகம் எடுத்துவர) போனால் அது கண்டிப்பாக ஆறு, ஓயாவில் யாரும் கரகம் பாலிப்பதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மகாவலி என்பது பாடப்புத்தகத்திலும் செய்தியிலும் வருகிற பெயர். மாவலி என்பது வாயில் வருகிற பெயர். இதில் எது சுத்தத் தமிழ் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை.

2024 ஜூன் 22

நேற்று பொசன் போயா, லீவு. தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க் கானைப் பிடித்து நடந்தேன். மழை விட்டிருந்தது, அட்டை விடவில்லை. உப்புத் துணி கட்டிக்கொண்டு போயும் காலில் ஏழெட்டு.

பீலியிலிருந்து தண்ணீர் லயத்துக் கொல்லை வழியாகப் பெரிய கானில் விழுகிறது. பெரிய கான் தேயிலை மலைக்கு நடுவில் இறங்குகிறது. அதுவரை சரி. ரோட்டுக்குக் கீழே ஒரு போக்கு வழியாக நுழைந்து மறுபக்கம் வருகிறது. அங்கே நின்று பார்த்தால் கீழே தெரிவது காசல்ரீ.

புரிகிறதா? நாற்பது வருடமாக நான் மாவலிக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் களனிக்காரன். எங்கள் பீலியில் நான் தேய்த்துக் குளித்த அழுக்கெல்லாம் கொழும்புக்குப் போயிருக்கிறது, மாவலி கடலைத் தொடுகிற மூதூருக்கு அல்ல. கொழும்பு நண்பர்கள் மன்னிக்கவும்.

ஒரு ஆறுதல் உண்டு என்று நினைத்தேன். தோட்டத்தின் மாரியம்மன் கோயில் சரியாக முதுகின் மேல் இருக்கிறது. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயங்கள் ஒரு பக்கம், கீழ்ப் பிரிவான பணியக்கணக்கு மறுபக்கம். கூரையின் ஒரு பக்கத்து மழை திருகோணமலைக்கும் மறுபக்கத்து மழை கொழும்புக்கும் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனதுக்குள் எழுதவும் தொடங்கிவிட்டேன். சுற்றிப் பார்த்தால் கோயிலைச் சுற்றிச் சிமெந்துக் கான் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே கானில் விழுந்து ஒரே பக்கம் போகிறது. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், காசல்ரீதான்.

ஜூன் 2 குறிப்பை அழிக்க வேண்டாம், கிடக்கட்டும். அப்பாயி சொன்னது தவறு என்றும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கைப்பட்டு வந்தது வேறு தோட்டத்திலிருந்து, அது வட்டவளைப் பக்கம். அவர் சொன்ன பீலி அந்தப் பீலியாக இருக்கலாம்.

2024 ஜூன் 23

வட்டவளை என்றதும் மழை பற்றிக் கேட்கிறார்கள். ஆம், நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் அது ஒன்று. தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதுகிற சரிவு. வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல். நுவரெலியாவில் அதில் பாதிகூட இல்லை, அது மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஊர். வட்டவளையில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு காயும் என்று எதிர்பார்த்துக் கொடியில் போடுகிறவர்கள் புதிதாக வந்தவர்கள்.

2024 ஜூலை 7

களனிக்காரன் ஆகிவிட்டதால் இனி மஸ்கெலியா பற்றி உரிமையோடு பேசலாம்.

பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் இருக்கிறது. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது ஊரை மேலே கொண்டுபோனார்கள். இப்போது பஸ் நிற்கிற மஸ்கெலியா புதிய ஊர். தண்ணீர் நன்றாக இறங்குகிற வறட்சியில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்குள்ளிருந்து மேலே வரும். ஜனங்கள் வேன் பிடித்துப் பார்க்க வருவார்கள். ஐஸ்கிறீம் வண்டிகூட இறங்கிவிடும்.

நான் ஒருமுறை போனேன். சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கோயில் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சிலர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றார்கள். ஒரு வயதான அம்மா பேரனிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். இது பேக்கரி, இது துணிக்கடை, இங்கேதான் என்னை ரோட்டில் வைத்து உன் தாத்தா முதலில் பார்த்தார். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி சேறுதான். பேரன் தலையாட்டிக்கொண்டே செல்பி எடுத்தான். அவனைக் குறை சொல்லவில்லை, நானும் எடுத்தேன்.

கொத்மலையிலும் இதே கதை. 1985இல் அணை வந்தபோது கடதொர விகாரை முழுகியது. தண்ணீர் வற்றினால் அதுவும் தலை காட்டும்.

இந்த மலைகளில் தண்ணீரை விழவைத்துக் கரண்ட் எடுக்கலாம் என்று 1918இலேயே ஆய்வுரை படித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபானவின் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்க 1950 ஆனது. நோட்டனில் இருக்கும் நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர். அந்தக் கரண்ட் முதலில் எங்கே போனது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அணைக்கு மேலே நிற்கிற எங்கள் லயத்தில் நான் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தேன்.

2024 ஜூலை 8

நேற்று கடைசிப் பத்தி கொஞ்சம் சூடாகிவிட்டது. லயத்துக்குக் கரண்ட் வராததற்கு ஆற்றைப் பிடித்து என்ன செய்ய. கம்பி இழுக்க யாரும் கவலைப்படவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் பத்தியை எடுக்கப் போவதில்லை.

2024 ஜூலை 21

தலவாக்கலைக்காரர் ஒருவர் 'எங்கள் ஆற்றை விட்டுவிட்டீர்கள்' என்று கோபித்திருக்கிறார். நியாயம்தான், என் மனைவியின் ஊர் அந்தப் பக்கம்.

சென் கிளையர் நீர்வீழ்ச்சியை ரோட்டில் நின்றே பார்க்கலாம். சுமார் 80 மீட்டர் உயரம், கொத்மலை ஓயா அகலமாக விரிந்து விழும். 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் ஓடத் தொடங்கியது, 150 மெகாவாட். தலவாக்கலையில் அணை. அங்கிருந்து கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் நியம்கம்தொர மின்நிலையத்துக்குப் போகிறது. அதாவது ஆறு நீர்வீழ்ச்சியைச் சுற்றிக்கொண்டு மலைக்குள்ளால் போகிறது. பார்க்க வருகிறவர்களுக்காகப் பகலில் அளவாகத் திறந்துவிடுகிறார்கள். நேரம் பார்த்து விழுகிற நீர்வீழ்ச்சி. டெவன் நீர்வீழ்ச்சி வேறு கிளையில் இருப்பதால் அது தப்பித்தது.

நன்மை ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. அணையில் பெரிய தேக்கம் இல்லை. விக்டோரியா மாதிரி ஊர் ஊராக முழுகவில்லை. ஆனாலும் ஊருக்குள் வீடுகளும் கடைகளும் போயின, ஆட்களை இடம் மாற்றினார்கள். இடம் மாறிய உறவினர் வீட்டில் இப்போது நல்ல குழாய்த் தண்ணீர், நல்ல கூரை. 'என்ன குறை மாமா' என்று கேட்டேன். 'சத்தம் கேக்கல' என்றார். ஆற்றுச் சத்தம்.

மனைவி தோட்டத்துத் திருவிழாவில் கரகம் பாலிக்க ஆற்றுக்குத்தான் போவார்கள். தப்பு மேளம் முன்னால், பந்தம் பின்னால், நடு இரவு. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பூசாரி கரகத்தை எடுத்துவருவார். இப்போது அணைக்குக் கீழே உள்ள இடங்களில் இரண்டு கஷ்டம். மழை இல்லாத காலத்தில் இறங்கினால் முழங்கால்கூட நனையாது. மழைக்காலத்தில் வான்கதவு திறந்தால் சைரன் ஊதும், உடனே ஏற வேண்டும். ஒருமுறை பாதிப் பூசையில் சைரன். பூசாரிக்கு அருள் வந்திருந்த நேரம். அருளோடேயே கரைக்கு ஓடி வந்தார். மேளக்காரர்கள் அவருக்கு முன்னால் ஓடியதுதான் வேடிக்கை. பிறகு பெரியவர்கள் கூடிப் பேசிக் கரகத்தைப் பக்கத்து ஓடைக்கு மாற்றிவிட்டார்கள். கருமாதிக்கும் அதே ஓடைதான்.

2024 ஜூலை 22

ஓடை என்று எழுதினேன், அது லீக்ஸ் தோட்டங்களுக்கு நடுவில் வருகிற ஓடை. மழை பெய்தால் செம்மண் கரைசலாக ஓடும். நானு ஓயாப் பக்கமும் அப்படித்தான். கரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட சரிவு, மண்ணைப் பிடிக்க ஒரு வேரும் கிடையாது. அந்த மண் எல்லாம் எங்கேயோ போய்ப் படியத்தானே வேண்டும். கண்டிக்கு அருகே பொல்கொல்லைத் தேக்கம் 1976இல் வந்தது. பத்துப் பதினைந்து வருடத்திலேயே பெருமளவு மண்ணால் தூர்ந்துவிட்டது. அங்கிருந்துதான் மாவலியின் ஒரு பங்கு சுரங்கம் வழியாகத் திரும்பி வடக்கே அனுராதபுரத்துக் குளங்களுக்குப் போகிறது. தேயிலைக்காரர் மரக்கறிக்காரரைக் குறை சொல்வார், மரக்கறிக்காரர் தேயிலையில் அடிக்கிற மருந்தைச் சொல்வார். இருவருக்கும் காடு அழிந்துதான் இடம் கிடைத்தது.

2024 ஆகஸ்ட் 11

கடைசியாக வெருகல். மனைவியோடு வெருகல் முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, மாவலியிலிருந்து பிரிந்து வருகிற கிளை. தட்டையான நிலம், சோம்பலாக ஓடுகிற மண்நிறத் தண்ணீர். மலையில் கல்லுக்குக் கல் குதித்த ஆறா இது என்றிருந்தது. படித்துறையில் இருந்த ஐயா ஒருவரிடம், நாங்கள் ஆறு தொடங்குகிற இடத்திலிருந்து வருகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். (மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜூன் 22 குறிப்பு அவருக்கு மனப்பாடம்.) அவர் எந்த இடம் என்று கேட்கவில்லை.

"மேல மழை எப்படி தம்பி?" என்று கேட்டார். "இந்த முறை கூடவா?"

கூடத்தான் என்றேன். அவர் எழுந்து போய்க் கரையில் கட்டியிருந்த தோணியை இன்னும் மேலே இழுத்துக் கட்டினார். அப்போது மேலே மழை குறைந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

இதே கொட்டியாரக் கரையில்தான் 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு மலைக்குக் கொண்டுபோகப்பட்டார். பத்தொன்பது வருடம் தப்பிக்க முடியவில்லை. ஆற்றின் வாயிலிருந்து அதன் வயிற்றுக்குப் போனவர்.

2024 ஆகஸ்ட் 12

சில்லறைப் பதில்கள்.

ஹோட்டன் சமவெளி ஓடையில் பார்த்த மீன் ட்ரவுட்தான், வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போடக் கொண்டுவந்து விட்டது. எங்கள் தாத்தாமார் மாதிரித்தான், வந்தபிறகு திரும்பவில்லை.

டயகம பக்கமாகவும் சமவெளிக்கு ஏறலாம், கட்டணச் சீட்டு வேண்டும்.

பீலித் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: நாங்கள் குடித்தோம். இப்போது மேலே புதிய வீடுகள், அவற்றுக்கு மலசலகூடக் குழிகள். காய்ச்சிக் குடியுங்கள்.

கேள்வி கேட்ட வாசகர் நேற்று எழுதியிருக்கிறார். மகள் 'ஹோட்டன் சமவெளி' என்று எழுதி ஒரு புள்ளி வாங்கிவிட்டாராம். தாத்தா இரண்டு நாள் பேசவில்லையாம். மே 26 குறிப்பை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், நாவலப்பிட்டிப் பாலம் வரை மட்டும்.